ஏரெக்லேயின் பிள்ளைகளும் ஷ்லீரன் கோயிலும்

புனிதவதிக்கும் ஜோர்ஜிய ராசாக்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்காதீர்கள். சுவிஸில், ஷ்லீரன் ஊரில், ஒரு முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் நின்று துணி மடிப்பவள் மனானா என்ற ஜோர்ஜியாக்காரி. இருவருக்கும் அரைகுறை ஜேர்மன்தான். ஆனாலும் ஒரு கூடை போர்வை மடித்து முடிவதற்குள் மனானா ஒரு ராசாவைச் சாகடித்துவிடுவாள்.

அப்படி வந்ததுதான் ஏரெக்லே ராசாவின் கதை. கிழவர் கடைசிக் காலத்தில் தன் பிள்ளைகளுக்கும் பட்டம் வேண்டும் என்ற இளைய மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல், தனக்குப் பிறகு மூத்த மகன் கியோர்கி, அவனுக்குப் பிறகு அவன் தம்பிமார் என்று எழுதி வைத்தார். கியோர்கி பட்டத்துக்கு வந்ததும், இல்லை, எனக்குப் பிறகு என் மகன்தான் என்று சொல்லி, ரஷ்யச் சக்கரவர்த்தியைத் துணைக்குக் கூப்பிட்டார். அவர் கண்ணை மூடியதும் ரஷ்யா மகனையும் இருக்கவிடவில்லை, தம்பியையும் விடவில்லை. நாடே போயிற்று.

"ஐயோ கடவுளே, இது எங்கட கோயில் கதையெல்லோ!" என்றாள் புனிதவதி.

கோயில் என்றால் வாடகைக்கு எடுத்த பழைய தொழிற்சாலை மண்டபம். தலைவர் பாலசிங்கம் தனக்குப் பிறகு தம்பி குலேந்திரன் என்று சபையில் சொல்லியிருந்தார். சாகும்போது பொறுப்பை மகன் விதுஷனிடம் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லவும் வேண்டுமா! சித்தப்பனும் பெறாமகனும் மாறி மாறி மண்டபச் சொந்தக்காரரிடம் ஓடி, ஒப்பந்தத்தைத் தன் பேருக்கு மாற்றச் சொன்னார்கள். போகாதேங்கோ, அந்தாள் ரெண்டு பேரையும் கலைச்சுப்போடும் என்று புனிதவதி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கோயிலில் சமைக்கிறவளின் பேச்சை யார் எடுத்தார்கள்?

அவளுக்கு ஒரு பதவியும் வேண்டாம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் மகன் தயாநிதி போனான். உடலும் இல்லை, நாளும் தெரியாது. ஒவ்வொரு மே மாதமும் அந்த மண்டபத்து அடுப்பில் சமைத்து, வருகிற எல்லாருக்கும் அவன் பேரில் சோறு போடுவாள். அந்த ஒன்றுக்காகத்தான் வருசம் முழுக்க அங்கே அண்டா கழுவினாள்.

மார்ச்சில் மண்டபச் சொந்தக்காரர் ஒப்பந்தத்தையே முடித்துவிட்டார். டயர் அடுக்கப் போகிறாராம்.

சாமான் ஏற்றும் நாளில் குலேந்திரன் வந்தார். "அக்கா, கோயிலுக்குப் பாடன் ரவுனில இடம் பாத்திட்டம். நீங்கள் எங்களோடதானே?"

பின்னாலேயே விதுஷன். "அன்ரி, சித்தப்பாவை நம்பாதேங்கோ. நீங்கள் எங்கட பக்கம் வாங்கோ."

மனானா சொன்ன கதையில், கியோர்கியின் விதவை மரியாம், தன்னை அரண்மனையிலிருந்து கிளப்ப வந்த ரஷ்யத் தளபதியைக் கத்தியால் குத்தினாளாம். புனிதவதியின் கையிலும் பூசணி வெட்டும் கத்தி இருந்தது. கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

"எனக்குக் களைச்சுப்போச்சு. அங்க சமைச்சால் இவையள் வராயினம், இங்க சமைச்சால் அவையள் வராயினம். என்ர பிள்ளையின்ர சோத்திலயும் பங்கு பிரிப்பியளோ?"



மே மாதம் வீட்டிலேயே சமைத்தாள். பழகிய கை, குறைத்துப் போட வரவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் மற்றப் பக்கம் கோபிக்கும் என்று ஒருவரையும் கூப்பிடவில்லை. ஒரு பெட்டியில் மட்டும் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். மனானா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

"வீட்டில நிறையக் கிடக்கு," என்று சொல்லிப் புனிதவதி அழுதாள்.