அம்மா சீரியஸ், உடனே புறப்படு

அமைதிப்படை என்று பேர் வைத்தார்களே, அவர்கள் வாயில் மண் விழ! எண்பத்தேழில் டெல்லியும் கொழும்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. எங்கள் முத்தாபுதுப்பேட்டை வீட்டின் ஒரே ஆண்பிள்ளை, என் அண்ணன், பட்டாளத்தோடு யாழ்ப்பாணம் போனான். பக்கத்து நாட்டில் அமைதி காத்தால் நம் நாட்டுக்கு மதிப்பு என்று ரேடியோ சொன்னது. அப்பாவும் அதையே தான் வேலை பார்த்த ஃபேக்டரியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அங்கே புலிகளோடு சண்டை மூண்டதும் ரேடியோவை அணைத்துவைத்தார்.

பட்டாளத்துக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு லீவு வேண்டுமென்றால், ‘அம்மா சீரியஸ், உடனே புறப்படு’ என்று ஊரிலிருந்து தந்தி அடிப்பார்கள். முன்பு ஒரு பொங்கலுக்கும், பிறகு என் நிச்சயதார்த்தத்துக்கும் அம்மா அண்ணனை அப்படித்தான் வரவழைத்தாள். தந்தியாபீசிலேயே அவளுக்குச் சிரிப்புத் தாங்காது. “நான் குண்டுக்கல்லு மாறி கீறேன். எம்புள்ளய பாக்கணும், அவ்ளோதான்” என்பாள்.

அண்ணன் போன அடுத்த வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றியது. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அப்பா ஆவடிக்கு ஓடிப்போய்த் தந்தி அடித்தார். வேறென்ன எழுதுவார், அதே வாசகம்தான். பதில் இல்லை. மறுபடியும் அடித்தார்.

“இந்தத் தபா நெசம்னு அவனுக்கு எப்டிம்மா புரிய வெக்கறது?” என்று என்னிடம் அழுதார். எனக்கு டெல்லிமேல், கொழும்புமேல், நடுவில் கிடந்த கடல்மேல்கூட ஆத்திரம் பொங்கியது. பெற்றவள் இங்கே சாகக் கிடக்கிறாள், பிள்ளை அங்கே எவன் மதிப்புக்கோ துப்பாக்கி பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

“வந்துகினு கீறானா?” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“கப்பல் ஏறிட்டாம்மா” என்று புளுகினேன்.

அவள் வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தாள். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாமல் அப்பாவே வைத்தார். செத்துப்போன சேதிக்கும் தந்தி கொடுத்தோம். அது அவன் கைக்குப் போகவில்லை, அதற்குள் அவன் நிஜமாகவே கப்பல் ஏறியிருந்தான்.

பால் தெளித்த மறுநாள் காலை, தெருவில் அவன் குரல் கேட்டது. சிரித்துக்கொண்டே வந்தான்.

“இன்னாம்மா, உடாம தந்தி அடிச்சுக்கினே கீற! மொதல்ல கெடச்ச லீவ, பொண்டாட்டிக்குப் பிரசவம்னு தவிச்ச ஒரு பஞ்சாபிக்காரனுக்குக் குட்த்துட்டேன். நீதான் சொம்மா அடிக்கிறவளாச்சே!”

அப்பாதான் எழுந்து வாசலுக்குப் போனார். அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்தான் அண்ணன்.

“ஐயோ நைனா, நான் வந்துருக்கலாமே! வந்துருக்கலாமே!” என்று தெருமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.