பகலில் அணைத்த விளக்கு

நான்சி பாட்டிலை நீட்டியதும் தண்ணீர் பிடித்துவிட மாட்டாள். அதே குழாய்த் தண்ணீரில் மூன்று முறை அலசிக் கொட்டுவாள். அதற்குப் பிறகுதான் பழுப்புக் கண்ணாடி பாட்டிலை நிரப்பி, மேலே தேதி, மணி, நிமிடம் எழுதி ஒட்டுவாள். பாட்டில்களை அடுக்கிய ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சோதனைக்கூடத்துக்குக் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் போவாள். "கீழ வைம்மா" என்று கண்டக்டர் சொன்னால், "புள்ளைங்க குடிக்கிற தண்ணிண்ணா, காலாண்ட வைக்கலாமா?" என்பாள்.

என் தங்கை அவள். நான் பத்தாவதோடு நின்றவன். அவள் தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தை நீக்குவது பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள்.

எங்கள் தெருவின் அறுபத்திரண்டு வீடுகளுக்கும் கரும்புக் காட்டு ஓரத்துக் கிணறுதான். மருந்து அடித்துவிட்டு வருகிறவர்கள் ஸ்பிரேயர் டேங்கை அதன் கரையிலேயே கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். "கண்ணாடி கணக்கா இருக்குதே" என்று யாராவது சொன்னால் இவளுக்குக் கோபம் வந்துவிடும். "வெசம் இன்னா கலர் அடிச்சிக்கினா வரும்?"

கிணற்றிலிருந்து மோட்டார் இறைக்கும் தண்ணீர் தெரு டேங்குக்கு ஏறும் வழியில், டேங்குக்குக் கீழே ஓர் எந்திரம் வைத்தாள். மணலில் வடிந்த தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டும். பிறகு தண்ணீர் ஓர் எவர்சில்வர் குழாய்க்குள், புறஊதா விளக்கைச் சுற்றி ஓடும். அந்த ஒளியில் பெராக்சைடு உடைந்து, மருந்தைத் துண்டுதுண்டாகச் சிதைக்கும். மிச்சத்தைக் கரி வடிகட்டி பிடித்துக்கொள்ளும்.

போன மாதம் குடிநீர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி சோதனை முடிவுக் காகிதத்தோடு வந்தார். "ஆறு பாட்டில்ல நாலு பெயிலு. கழட்டிக்கினு போயிடுங்க மேடம்." கழற்றினால் தெரு மறுபடி அந்த விஷத்தைத்தான் குடிக்க வேண்டும்.

நான்சி நோட்டைப் புரட்டினாள். தேறிய இரண்டும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிடித்தவை. தேறாத நான்கும் மத்தியானத்தில் பிடித்தவை. மோட்டார் போடும் பச்சமுத்துவிடம் கேட்டாள்: "அண்ணே, மத்தியானம் அந்த லைட்டு எரியுதா?"

"பட்டப்பகல்ல லைட்டு எதுக்கும்மா? கரண்டு தண்டம்னு நான்தான் அணைச்சிடுவேன்" என்றார் அவர் பெருமையாக.

அதிகாரி சிரித்துவிட்டார். "பாத்தீங்களா? இந்த ஜனங்களுக்கு இதெல்லாம் ஆவாது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்திரத்தை இயக்கச் சொல்லித்தருவது தங்கள் பொறுப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டது இவருடைய அலுவலகம். பயிற்சி முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவரும் இவரே. பச்சமுத்துவை ஒருநாள்கூடக் கூப்பிடவில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு இல்லை, மருந்தைச் சிதைக்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அணைத்திருப்பாரா?

"சிரிக்காதீங்க சார்" என்றாள் நான்சி. "கரண்டு வீணாவக்கூடாதுன்னு அவரு நெனச்சாரு. எங்க புள்ளைங்க வீணாவக்கூடாதுன்னு நீங்க நெனச்சீங்களா?"

பச்சமுத்துவின் முகம் சுண்டிப்போயிருந்தது. "வுடுண்ணே, உன்மேல தப்பில்ல. மெயின அணை" என்றாள். பலகையிலிருந்து விளக்கின் சுவிட்சைக் கழற்றி, விளக்கு ஒயரை மோட்டார் இணைப்போடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றினாள். இனி மோட்டார் ஓடினால் விளக்கும் எரியும்.

"இப்ப போடுண்ணே."

மோட்டார் உறுமியது. குழாயின் சின்னக் கண்ணாடித் துளையில் நீலம் தெரிந்தது. நான்சி அதிகாரியின் கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்தாள். கழற்றிய சுவிட்சை அதற்குள் பொதிந்து, அவருடைய சட்டைப் பையில் வைத்தாள்.