குவைத்தில் வீடு பார்த்த சனிக்கிழமை: திண்டிவனம் முதல் கோலியனூர் வரை

அன்று பஸ்ஸில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நடத்துநர் செல்வம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையை மடியில் வைத்திருந்த அனந்தபுரத்து அஞ்சலை. மகளைத் திண்டிவனத்தில் பார்த்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு வேலையாகப் போய்க்கொண்டிருந்த கோட்டக்குப்பம் காதர் பாய். ஜன்னலோரம் லூர்துமேரியாகிய நான். என் கையில் இருந்த போனுக்குள், குவைத்தில், என் மகள் மரியா. அவளோடு ஒரு வீட்டுப் புரோக்கர். அவன் சொன்ன பெயர் பொய்ப்பெயர் என்று பிறகு தெரிந்தது, அதனால் எழுதவில்லை.

மரியா நர்சு வேலைக்குக் குவைத் போய் இரண்டு மாதம் முடியப்போகிறது. ஆஸ்பத்திரி விடுதி இரண்டு மாதத்துக்குத்தான். மிச்சம் ஆறு நாள். தன் பேரில் தனி வீடு எடுத்தால்தான் புருசனையும் என் பேத்தியையும் அழைத்துக்கொள்ள முடியும். புரோக்கர் ஒரு வீடு இருக்கிறது என்றான், ஆனால் வீட்டுக்காரருக்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டுமாம். அந்தத் தாள் கோலியனூரில், சம்பந்தியம்மா பீரோவில். பீரோச் சாவியை அவர் யாரிடமும் தரமாட்டார், போட்டோ எடுக்கிற போனும் அவரிடம் இல்லை. மருமகன் லாரியோடு நாக்பூரில். ஆக, நான்தான் போனேன்.

மதியம் 1.10க்குத் திண்டிவனத்தில் வண்டி எடுத்தார்கள். விழுப்புரத்துக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். 1.20க்கு மரியா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே அப்போது காலை 10.50. தனியாகத்தான் போகிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"யம்மா, லைன கட் பண்ணிடாத. நீ பாத்துகினே இரு."

நாலாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. புரோக்கருக்குப் பின்னால் படியேறுகிற அவள் மூச்சுதான் போனில் கேட்டது. வீட்டு வாசலில் நின்று, நம் ஊர்ப் பழக்கம், செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது தப்பென்று தோன்றவில்லை.

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, இதான் குவைத்து வூடா? சமையக்கட்டு இத்தினூண்டு இருக்குது! எங்கூட்டு கோழிக்கூண்டு பெருசு."

"வாடகை கேட்டா உன் கோழியெல்லாம் செத்துப்பூடும்," என்றார் செல்வம். "யம்மா, சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணு, பின்னாடி தூங்கறாங்க."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போனில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதன் பின்னால் சாவி திரும்புகிற சத்தம்.

"மரியா, கதவ ஏன் சாத்தறான்? தொறக்கச் சொல்லு!"

அவள் திரும்பினாள். வாய் அசைந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது. கூட்டேரிப்பட்டு தாண்டி இருந்தோம், மணி 1.38.

திரும்பத் திரும்ப அடித்தேன். போகவில்லை. படத்தில் பாதித் திரும்பிய அவள் முகமும், பின்னால் ஒரு வெள்ளைச் சட்டையின் தோளும் மட்டும். மரியா தங்கியிருந்த விடுதிக்குப் பத்து நிமிட தூரத்தில் என் அக்கா மகன் இருக்கிறான். சனிக்கிழமை லீவுதான், கூடப் போகிறேன் என்று முந்தின நாள் அவனே வாய்விட்டுச் சொல்லியிருந்தான். ஒரு கோடு சிக்னல் வந்தபோது அவனுக்கு அடித்தேன். மணி முழுசாக அடித்து நின்றது. மறுபடி அடித்தேன், அதுவும் நின்றது. மூன்றாவது தடவை இரண்டே மணியில் வெட்டினான். கையில் போனை வைத்துக்கொண்டுதான் வெட்டினான்.

ஜெபமாலை பையில் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது, 1.49க்கு, லைன் கிடைத்தது. பதினோரு நிமிடம். மரியா சுவரோரம் நின்றிருந்தாள்.

"யம்மா, பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிகினான். தாள் வர்ற வரைக்கும் அவன்கிட்டயே இருக்கட்டுமாம். நாளிக்கி சாய்ந்தரம் தனியா வந்து வாங்கிக்கச் சொல்றான். சாவி அவன் பாக்கெட்ல."

எனக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. "டேய், குட்றா!" என்று பஸ் அதிரக் கத்தினேன். அவன் போனைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன்.

முன் சீட்டிலிருந்து காதர் பாய் எழுந்து வந்தார். "அழுவாதீங்கம்மா. போன இங்க குடுங்க. பதினெட்டு வருசம் குவைத்துல வண்டி ஓட்னவன் நானு."

செல்வம் பின்பக்கம் திரும்பி, "எவனும் வாயத் தொறக்கக் கூடாது!" என்றார். வண்டியே அடங்கியது. பாய் கத்தவில்லை. விலை கேட்கிற மாதிரி மெதுவாக இந்தியில் பேசினார், நடுவில் நாலு வார்த்தை அரபியில். பேசப் பேச அவன் சிரிப்பு இறங்கியது. பாக்கெட்டில் கை விட்டான். பாஸ்போர்ட் மரியா கைக்கு வந்தது, கதவு திறந்தது.

"ஓடாத பாப்பா, நட," என்றார் பாய் தமிழில். "போன காதுலயே வச்சிக்க. செருப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

கழற்றி வைத்த செருப்பை மாட்ட நிற்காமல், நாலு மாடியும் வெறுங்காலோடு இறங்கினாள். கீழே வெயில். சுவர் நிழலில் ஒரு அட்டைப்பெட்டி மேல் ஏறி நின்றாள். குவைத்திலேயே இருக்கும் தன் பழைய சிநேகிதர் வீட்டுக்குப் பாய் தன் போனிலிருந்து கூப்பிட்டார். அந்த வீட்டு அம்மா டாக்சியில் வந்து அவளை ஏற்றிக்கொள்ள நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் லைனை யாரும் வெட்டவில்லை. 2.15க்கு விழுப்புரம் வந்து இறங்கின பிறகும் பாய் தன் வழிக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டில் என்னோடு நின்றார். அஞ்சலை ஒரு கை மல்லாட்டையை என் பையில் போட்டுவிட்டுப் போனாள்.

கோலியனூருக்கு டவுன் பஸ், ஏழு கிலோமீட்டர், பெண்களுக்குக் காசில்லை. சம்பந்தியம்மா சாவி எடுக்கவே அரை மணி நேரம் ஆக்கினார், அதையும் நான் மறக்கவில்லை. 3.40க்குத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். நாலாம் நாள், அந்தச் சிநேகிதர் குடும்பம் இருக்கிற கட்டடத்திலேயே மரியாவுக்கு ஓர் அறை வீடு கிடைத்தது. ஜன்னல் உண்டு.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணச் சான்றிதழை முதல் நாளே பெட்டியில் வைத்து அனுப்புங்கள். பாஸ்போர்ட்டின் நகல்தான் கேட்கிறவன் கைக்குப் போக வேண்டும். வீடு பார்க்கப் போனால் செருப்பைக் கழற்ற வேண்டாம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். கூட்டேரிப்பட்டு தாண்டினால் என் போனுக்கு விக்கிரவாண்டி வரை சிக்னல் சரியாகக் கிடைக்காது, உங்கள் போனுக்கும் அப்படித்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் அந்தச் சாலையில் போகும்போது போனை நான் வெளியே எடுப்பதில்லை.

பஸ் ஸ்டாண்டில் பாயைக் கேட்டேன், அப்படி என்ன சொல்லி அவனை மிரட்டினீர்கள் என்று. அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"பொய்தாம்மா சொன்னேன். பொண்ணோட அண்ணங்காரன் கீழ கார்ல உக்காந்துகினு இருக்கான், மேல அனுப்பட்டான்னு கேட்டேன். அவ்ளோதான்."

அதற்கே பயந்திருக்கிறான். கீழே யாருமில்லை. அன்று அங்கே இருக்க வேண்டியவன், சாய்ந்தரம் எனக்குப் போன் பண்ணி, "தூங்கிட்டேன் சின்னம்மா" என்று கொட்டாவி விட்டவன், என் அக்கா மகன் ஸ்டீபன்.