பிணம் சிரிக்க வேண்டும்

திருவிழா நாடகங்களில் நான் பபூன். எனக்கு எதிர்ப்பாட்டுப் பாடி, என்னை விளக்குமாற்றால் அடித்து, ஊரையே சிரிக்க வைத்தவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, கூட ஆடியவள். கெங்குவார்பட்டியிலிருந்து கூடலூர் வரை அவள் கால் படாத மேடை கிடையாது. வயது ஏறியதும் ஆடுவதற்கு வேறு பெண்கள் வந்துவிட்டார்கள். அக்கா சினிமாவுக்குப் போனாள். போனாள் என்றால் சென்னைக்கு இல்லை. சினிமாக்காரர்கள்தான் மலையையும் வயலையும் எடுக்க எங்கள் பக்கம் வருவார்கள். அக்கா நாற்று நடுவாள், குடம் சுமப்பாள், பந்தியில் இலை போடுவாள். அவள் முதுகு வராத படம் குறைவு. முகம் மட்டும் எதிலும் வரவில்லை.

ஒருநாள் போன் செய்தாள்.

"ஏலே, அம்மா வேசம்டா! ஈரோவுக்கு அம்மா!"

"வசனம் எத்தன பக்கம்க்கா?"

"வசனமெல்லாம் இல்ல. செத்துக் கெடக்கணும்."

"பொருத்தமான ஆளத்தான் புடிச்சிருக்காக."

"சிரிடா சிரி. பொணத்துக்கு மூஞ்சியக் காட்டித்தான ஆகணும்?"

கோம்பையில் ஒரு வீட்டு வாசலில் படப்பிடிப்பு. அக்காவைப் பெஞ்சில் கிடத்தி, நெற்றியில் ஒரு ரூபாய் வைத்து, தாடையைச் சுற்றித் துணி கட்டி, கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒப்பாரிக் கூட்டத்தில் நானும் நின்றேன். ஈரோ அவள் மேல் விழுந்து அழுதார். அக்கா மூச்சை அடக்கினாள். மூக்கில் ஈ உட்கார்ந்தது, அசையவில்லை. ஈரோ இன்னொரு தடவை அழுதார். அப்போதும் அசையவில்லை. நிஜமாகவே போய்விட்டாளோ? ஊர்ப் பெரிய மனிதர்களையே மேடையில் கிண்டலடித்த என் வாய், "யக்கா, மூச்ச விடுங்க!" என்று அலறியது. கை தானாகப் போய்ப் பிணத்தை உலுக்கியது.

"சனியனே, தள்ளிப் போடா" என்றது பிணம், கண்ணைத் திறக்காமலே.

இயக்குநர் சொன்னதை அச்சில் போட முடியாது.

பிணமாக நடித்தவரை எழுப்பி உட்கார வைத்து, முகத்துக்கு நேரே கேமராவை வைத்துச் சிரிக்கச் சொல்லி எடுப்பது சினிமாவில் வழக்கம். படத்தில் அது வராது. செத்தது பொய் என்று சாமிக்குக் காட்டுவதற்காம். அன்று ஈரோவுக்குக் குமுளியில் அடுத்த காட்சி. அழுது முடித்தவர் காரில் ஏறிவிட்டார். கேமராவும் வேனுக்குள் ஏறியது. அக்கா மட்டும் தாடைக்கட்டோடு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நான் பக்கத்தில் போனேன். "யக்கா, சிரிக்காம எந்திரிச்சா ஆகாதாம்ல!"

"ஆகாட்டிப் போகுது. சாவுக்குப் பயந்தா இங்கன உக்காந்திருக்கேன்? என் மூஞ்சிய மட்டும் எடுக்குற ஒரே ஷாட்டு அதுதான்டா."

உதவி இயக்குநரிடம் ஓடினேன். "அதெல்லாம் இப்ப யாருங்க பாக்கறாங்க? வழி விடுங்க" என்றார். நான் விடவில்லை. வேனுக்கு முன்னால் மல்லாந்து படுத்து, கால் பெருவிரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். வீரம்தான். ஆனால் டிரைவர் ஆரன் அடிக்கும்போதெல்லாம் இந்தப் பிணம் ஒரு முழம் துள்ளியது. கூட்டம் கைதட்டியது. கேமராமேன் சலித்துக்கொண்டே கேமராவோடு இறங்கினார்.

"சிரிங்கம்மா, சீக்கிரம்."

அக்கா தாடைக்கட்டை அவிழ்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள். கடைசி வரிசைக்காரனுக்கும் எட்டுகிற மேடைச் சிரிப்பு. "ஓகே" என்று கேமராமேன் ஏறிக்கொள்ள, வேன் கிளம்பிப் போனது.

"யக்கா, லென்சுல போட்ட மூடிய எடுக்கவே இல்ல..."

"பாத்தேன்."

"பெறகு எதுக்குச் சிரிச்சீக?"

"இத்தன பேரு பாத்துக்கிட்டு நிக்கையில, தொறங்க சாமின்னு கெஞ்சச் சொல்றியா?"

படம் வந்ததும் கம்பத்தில் போய்ப் பார்த்தோம். சாவு வீட்டில் ஈரோவின் தலை அக்காவின் முகத்தை முழுக்க மறைத்திருந்தது. கட்டிப்போட்ட கால்கள் மட்டும் தெரிந்தன. அடுத்த காட்சியில் ஈரோ அம்மா படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டார். மாலைக்குள் வேறு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள், நல்ல சிவப்பாக.

"அவளுக்கு மூடியத் தொறந்து வச்சு எடுத்திருக்காய்ங்க" என்றாள் அக்கா.