நீல வண்டியின் மேல் என் கட்டைவிரல்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரையும் கோவளத்து மீனை விற்றுத்தான் வளர்த்தேன், ஒருவரிடமும் போய் நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை.

இந்த வீட்டு டிவி மேசையின் மேல் ஒரு கார் இருக்கிறது. பிளாஸ்டிக் கார். ஒரு நல்ல சங்கரா மீன் நீளம் இருக்கும். இரண்டே கதவு, தரையோடு பதுங்கின உடம்பு, பந்தயத்தில் ஓடுகிற சாதி. நிறம் நீலம். அதன் முன்பக்க மூடியில் குங்குமச் சிவப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, கண்ணாடிக்குள் வைத்த மாதிரி பதிந்து கிடக்கிறது. அது என் விரல். காரைச் செய்தவர் என் மருமகன், மூன்றாவது மகளின் வீட்டுக்காரர். நான் சொல்லச் சொல்ல அவருடைய மகள், என் பேத்தி, எழுதுகிறாள். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் கை வராது.

அந்தப் பெயரை எழுதக் கற்றுக்கொண்டதே ஐம்பது வயதில்தான். ஒரு ஆபீசில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்திவிட்டு, “செவுத்துல தேய்ச்சிட்டுப் போயிடாதம்மா” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே மூன்றாவது மகளைக் கூப்பிட்டு, மீன் சுற்றுகிற பேப்பரில் என் பெயரை எழுதிக் காட்டச் சொன்னேன். ஒரு மாதம் எழுதினேன். அதன் பிறகு எங்கேயும் நான் ரேகை வைத்ததில்லை.

அந்த மகள்தான் இவரைத் தானே தேடிக் கட்டிக்கொண்டாள். வண்டலூர் போகிற வழியில் ஒரு ஷெட்டில் காருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அடிபட்டு வந்த காரை இவர் பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தால், எந்த இடத்தில் அடிபட்டது என்று காருக்குச் சொந்தக்காரனே தேடுவானாம். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. “கார் ஓட்றவன்கூட இல்ல, காருக்கு மேக்கப் போட்றவன்” என்று கல்யாண வீட்டிலேயே சொன்னேன். அவர் காதில் விழுந்தது. சிரித்தார். சத்தமே வராத சிரிப்பு அது, தோள் இரண்டும் மட்டும் குலுங்கும்.

முட்டி தேய்ந்து, கூடையோடு பஸ் ஏற முடியாமல் போனபோது மகன்கள் வீட்டில் இடம் பற்றவில்லை. இந்தத் தாம்பரம் வீட்டுக்கு வந்தேன். மருமகன் வீட்டில் போய்த் தங்கினாள் என்ற பேச்சு வரக் கூடாதென்று என் தட்டு, என் டம்ளர், என் பாய் மூன்றையும் கையோடு கொண்டு வந்தேன். விருந்தாளிபோல இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பு. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தினமும் என் தட்டைத் தனியாகக் கழுவி, தனியாகவே கவிழ்த்து வைப்பார்.

இருபது வருஷத்துப் பெயிண்ட் புகை அவர் நெஞ்சுக்குள் போயிருந்தது. இனி ஷெட் பக்கமே போகக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை நின்ற மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற காரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்ட பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு அட்டைப்பெட்டி அனுப்பினார். மூடியில் சிவப்புக் கார் படம். திறந்தால் கார் இல்லை. ஒரு சட்டத்தில் கதவு, சக்கரம், சீட்டு எல்லாம், முதுகெலும்பில் முள் ஒட்டியிருக்கிற மாதிரி வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. நகம்வெட்டியை வைத்து ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தார்.

“இன்னா மாப்ளே, இந்த வயசுல பொம்மை செஞ்சிகினு?”

“இத்தினி வருசமா ஊரான் காருக்கே அடிச்சேன் அத்தே. இது ஒண்ணாவது நம்மளுதா இருக்கட்டுமே.”

சின்னச் சின்னப் பாகங்களை ஈர்க்குச்சியில் ஒட்டி, பெயிண்ட் அடித்து, அந்தக் குச்சிகளைப் பாதி உருளைக்கிழங்கில் குத்தி, காய வைப்பார். “கொழம்புல வேக வேண்டிய கெயங்கு, இங்க முள்ளம்பன்றி மாதிரி நிக்குது” என்று நான் கத்துவேன். மறுநாள் அந்தக் கிழங்கு போய் வேறு கிழங்கு வந்திருக்கும், அவரே வாங்கிவந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஆள், எனக்காக மார்க்கெட் போய் வந்திருப்பார். அதையும் நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் மூன்று சின்ன டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு தட்டில் நீலத்தைக் குழைத்துக்கொண்டிருந்தார். படத்தில் சிவப்பாக இருக்கிறதே என்றேன். அவர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

“மாமாவோட போட்டு இந்தக் கலரா அத்தே?”

என் புருஷனின் படகை இவர் கண்ணால் பார்த்ததில்லை. இவர்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே புருஷனும் போய்விட்டார், படகையும் விற்றாயிற்று. எப்போதோ பேச்சுவாக்கில் நீலப் படகு என்று நான் சொன்னது இவர் மனதில் நின்றிருக்கிறது. “இவ்ளோ வெளுப்பு இல்ல” என்றேன். கறுப்பை ஒரு சொட்டு விட்டார். “இல்ல, கொஞ்சம் பாசி ஓடினாப்ல இருக்கும்.” பச்சையைக் குச்சி நுனியால் தொட்டுக் கலந்தார். மூன்றாம் தடவை தட்டைப் பார்த்தேன், மணலில் ஏற்றி வைத்த படகு அதில் கிடந்தது. எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். அவர் கூப்பிடவில்லை. அந்த நிறத்தைத்தான் அடித்தார்.

நீலத்தில் கடைசித் தடவை அடித்து, தூசி விழாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடினார். நாலு நாள் யாரும் தொடக் கூடாது என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அவரும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் புருஷனின் படகு நிறத்தில் ஒரு வண்டி வீட்டில் பிறந்திருக்கிறது, அதற்குப் பொட்டு வைக்க ஆள் இல்லை. எங்கள் பக்கம் புதுப் படகு கடலில் இறங்குமுன் வீட்டுப் பெண் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் முதல் அலைக்கு நிற்கும். மார்க்கெட்டுக்குப் போய், இருப்பதிலேயே சின்ன எலுமிச்சையாக நாலு பொறுக்கினேன். “இன்னாம்மா, கோலிகுண்டா வாங்க வந்த?” என்று கடைக்காரி கேலி செய்தாள். வந்து, டப்பாவைத் தூக்கி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சையை வைத்து, படகுக்கு வைத்தது போலவே அழுத்தி வைத்தேன்.

விரல் ஒட்டிக்கொண்டது. மேலே காய்ந்தது மாதிரி தெரிந்ததே தவிர, உள்ளே ஈரம். எடுத்தபோது பெயிண்ட் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. சந்தனமும் குங்குமமும் என் ரேகையோடு பள்ளமாக உட்கார்ந்துவிட்டன. டப்பாவைப் பழையபடி கவிழ்த்துவிட்டு, பாயில் போய் உட்கார்ந்தேன்.

வந்ததும் அவர் டப்பாவைத் தூக்கினார். எலுமிச்சம்பழங்களைப் பார்த்தார். வண்டியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். தோள் குலுங்கியது. “அத்தே, வண்டி உங்க பேர்லயே ரிஜிஸ்டர் ஆயிடுச்சி. ரேகையே வச்சிட்டீங்க!”

எனக்கு அந்த ஆபீசும் அந்த மேசையும் அந்தச் சிரிப்பும்தான் கண்ணில் வந்தன. “நான் கையெழுத்து போட்றவ மாப்ளே. ரேகை வைக்கிற பொம்பள இல்ல” என்றேன். அவர் சிரிப்பு நின்றது. “அய்யோ அத்தே, நான் சும்மா...” என்று ஆரம்பித்தார், இருமல் வந்து அடைத்துக்கொண்டது. இருமி முடிக்கும்வரை நான் நிற்கவில்லை. தட்டு, டம்ளர், பாய் மூன்றையும் எடுத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் கோவளம் போய்ப் பெரிய மகன் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று தடவை போன் செய்தார். “நான் தூங்குறேன்னு சொல்லு” என்று அவருக்குக் கேட்கும்படியே சொன்னேன். மூன்றாம் தடவை என் மகனிடம், “வண்டி முடிஞ்சிடுச்சி மச்சான், அத்தைய ஒருவாட்டி வந்து பாக்கச் சொல்லுங்க” என்றாராம். “வேணும்னா அவரு வந்து கூப்டட்டும்” என்றேன். அவரால் பஸ் ஏற முடியாதென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் விடிந்ததும் மகளிடமிருந்து போன் வந்தது. நான் வந்து சேர்ந்தபோது கூடத்தில் அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். டிவி மேசையில் கார் நின்றது. பளபளவென்று, என் விரலோடு.

காரியம் முடிந்த பிறகு மகள் சொன்னாள். நான் கோபித்துக்கொண்டு போன மறுநாள் ஷெட்டில் கூட வேலை செய்த பையன் பார்க்க வந்திருக்கிறான். “உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சி ஒரு கோட் வுட்டா தெரியாதுண்ணா, ரெண்டு நிமிசம்” என்றிருக்கிறான். இவருக்குத் தெரியாத வேலையா? “ஊர்ல இருக்கிற கோடு அத்தினியும் அழிச்சிட்டேன்டா. இது ஒண்ணு இருந்துட்டுப் போட்டும். எங்க அத்தை இந்த வூட்ல தானா வச்ச மொதோ பொட்டு” என்றாராம். நாலு நாள் காயவிட்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடி மாதிரி இருக்கிற கடைசிப் பூச்சை என் ரேகையின் மேல் மூன்று தரம் தடவியிருக்கிறார். அந்த வாசனைதான் அவரைக் கொண்டுபோனதா என்று டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். இல்லம்மா, அது முன்னாடியே முடிஞ்ச விஷயம் என்றார். என்னைப் போல ஒரு கிழவி கேட்டால் வேறென்ன சொல்வார்?

இப்போது இந்த வீட்டுத் தட்டில்தான் சாப்பிடுகிறேன். என் தட்டு எது என்று எனக்கே தெரியாதபடி எல்லாவற்றோடும் கலந்துவிட்டது. காலையில் காரைத் துடைக்கும்போது விரலை அந்தப் பதிவின் மேல் வைத்துப் பார்ப்பேன். அதில் குறுக்கே ஒரு கீறல் இருக்கிறது, மீன் நறுக்கிய கத்தி போட்டது. கத்தி தொட்டு நாளாயிற்று, என் விரலில் அந்தக் கீறல் மங்கிவிட்டது. வண்டியில் அப்படியே இருக்கிறது.

பேத்தி பேனாவை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். “அவ்ளோதானா ஆயா?” என்கிறாள். அவ்வளவுதான் கண்ணு. இப்போது முதலிலிருந்து படி, நான் கேட்கிறேன். உங்கப்பா சிரித்த இடம் வந்தால் மட்டும் மெதுவாகப் படி. அன்றைக்கு அவர் சொல்லி முடிக்கும்வரை நான் நிற்கவில்லை.