ஊறுகாய் பாட்டிலில் தங்கம்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ரயில் ஏறினால் பெங்களூரு வரும்வரை ஃப்ளோராவின் வாய் ஓயாது. மருந்து ஆராய்ச்சிக் கூடமொன்றில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. சேர்ந்து இரண்டாவது மாதம். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆராய்ச்சியை நடத்தும் ராதிகா மேடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குள்ளாகவே ஆராய்ச்சி தன் கையில்தான் நடக்கிறது என்பதுபோலப் பேசுவாள்.

"மஞ்சள்ல மருந்து கீது. தண்ணில கரையாது, வயித்தோட வீணாப் போவுது. அதனால கண்ணுக்கே தெரியாத தங்கத் துணுக்குமேல ஏத்தி அனுப்புறோம். உங்கப்பா சொரங்க ஷாஃப்ட்ல எறங்குனாரே, அந்த கேஜ் கூண்டு மாதிரி. எந்த லெவல்ல நோய் கீதோ அங்க எறக்கிவுடும்."

எதிர் சீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜெனிட்டா நிமிரவில்லை. "எறக்கிட்டு கேஜ் மேல வருமா?"

"அதத்தான் மேடமே தேடினு கீறாங்க."

"அப்ப நீயும் தேடு."

ஃப்ளோராவின் அப்பாவும் தாத்தாவும்கூடச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அதனால் தங்கத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவளுக்கு நம்பிக்கை. கழுத்தில் கிடந்ததென்னவோ கவரிங்தான்.

அன்று அவள் போனபோது மேடம் இன்னும் வரவில்லை. முந்தின நாள் மாலை இளமஞ்சளாக இருந்த தங்க நீர், குடுவையில் திருவிருந்துத் திராட்சரசம்போலச் சிவந்து நின்றது. தங்கம் எங்காவது சிவக்குமா? கெட்டுவிட்டது. குடுவையைக் கழுவிவிட வேண்டியதுதான். ஆனால் தங்கம் பட்ட தண்ணீரைச் சாக்கடையில் விட அவளுக்குக் கை வரவில்லை. அவள் ஊரில் சேற்றைக்கூடப் பொன்துகளுக்காக ஒருமுறைக்கு இருமுறை அலசாமல் விட்டதில்லை. வெளியே பையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் இருந்தது. மிச்சத்தை டிபன் மூடியில் தட்டிவிட்டு, தங்கத்தை அதில் ஊற்றி இறுக்கி மூடினாள்.

ராதிகா வந்ததும் குடுவையைத் தேடினார்.

"கெட்டுப்போச்சு மேடம். செவந்துடுச்சி. ஆனா ஒரு சொட்டு வீணாக்கல."

ராதிகா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே நீலம்.

"செவக்கத்தான் ரெண்டு வாரமா தவம் கெடந்தேன், ஃப்ளோராக்கா. இதுல என்ன இருந்தது?"

"எலுமிச்ச ஊறுகா."

"உப்பு பட்டா துணுக்கெல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். நீலமாயிடும். இனிமே மருந்துக்கு ஆகாது."

ஃப்ளோரா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நாளையிலேர்ந்து வரவேணாமா மேடம்?" என்றாள்.

ராதிகா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது. "வேற யாராவதுன்னா கொட்டிட்டுப் போயிருப்பாங்க. நீங்க பத்திரமா ஊறுகா போட்டு வெச்சிருக்கீங்க. வாங்க, மறுபடி செய்யலாம். செவக்குற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. கலர் மாறினா என்னைக் கூப்பிடணும், பாட்டிலைத் தேடக் கூடாது."

அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. ஊறுகாய் மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது. உப்பு தங்கத்தை என்ன செய்யும் என்று மாணவர்களுக்குக் காட்ட, நீல பாட்டில் அலமாரியில் இருக்கிறது. அதைத் துடைப்பதும் ஃப்ளோராதான்.

"இன்னாடி, தங்கம் போட்ட ஊறுகா எங்க வூட்டுக்கும் ஒரு பாட்டில் கெடைக்குமா?" என்றாள் ஜெனிட்டா, ரயிலில்.

ஃப்ளோரா பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவும் சற்று நேரத்தில் வரும் பங்காருபேட்டை ஸ்டேஷன் வரைக்கும்தான்.