முதலில் விழுந்த ரவை

காட்டோரக் கொல்லைகளில் பன்றி சுடுகிறவனுக்கு ‘ஒரு மூச்சு’ என்று பட்டப்பெயர். மூச்சு விடுவதற்குள் நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டித்துவிடுவான். குழலுக்குள் கருமருந்து, மேலே கந்தல், இரும்புக் கம்பியால் நாலு குத்து, பிறகு ஈய ரவை, மறுபடி கந்தல், இரண்டு குத்து, கடைசியில் குழலடியில் பொறி தட்டும் கேப்பு. “பொண்டாட்டி தட்டு வைக்கிறதுக்குள்ள மூணு வெடி போடுவாரு எங்கண்ணன்” என்று தம்பி ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அன்று காலை முதல் வெடி பன்றியின் இடுப்பில் பட்டது. அது விழவில்லை. வரப்பில் தடியோடு நின்ற தம்பியின் மேல் பாய்ந்து தள்ளி, தொடையில் கோரைப்பல்லை இறக்கிக் கிழித்தது.

“அண்ணா! சுடுண்ணா!”

அண்ணனின் இடுப்பில் இரண்டு டப்பா. இடப்பக்கம் மருந்து, வலப்பக்கம் ரவை. கண் முழுக்கத் தம்பி மேல் இருந்தது. கை எதையோ எடுத்தது. ரவை குழலின் அடிவரை கடகடவென்று உருண்ட சத்தம் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. மேலே மருந்தைக் கொட்டினான், குத்தினான், கேப்பு வைத்தான், விசையை அழுத்தினான்.

டக்.

இன்னொரு கேப்பு. டக். அப்போதுதான் உறைத்தது: அடியில் ரவை, மேலே மருந்து; கேப்பின் பொறி மருந்தை எட்டாது. இனி நாள் முழுக்க அழுத்தினாலும் வெடிக்காது.

துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். கட்டை பிளந்தது. பன்றி தம்பியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. இரும்புக் கம்பியை அதன் கண்ணில் குத்தி, காலால் மிதித்து உள்ளே இறக்கினான். துடித்துத் துடித்து அடங்கியது. அதற்குள் தம்பியின் ரத்தம் வரப்பிலிருந்து வாய்க்கால் வரை போயிருந்தது.

உயிர் தங்கியது. கால் தங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் அண்ணனைத்தான் புகழ்ந்தார்கள். “வெறும் கம்பியாலயே கொன்னிருக்கான்யா! வேற எவனா இருந்தா ஓடியிருப்பான்.” அவன் தலை நிமிரவில்லை.

கூட்டம் போனதும் தம்பி கேட்டான். “ஏன்ணே வெடிக்கல? மருந்து நமுத்துப்போச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

“இல்லடா. ரவைய முதல்ல போட்டுட்டேன்.”

தம்பியின் கை கட்டிலோரம் துழாவியது. பிறகு எவர்சில்வர் டம்ளர் பறந்து வந்து நெற்றியைப் பிளந்தது.

“கிட்ட வாடா.”

போனான். தம்பி சட்டையைப் பிடித்து இழுத்து, கை ஓயும்வரை முகத்தில் குத்தினான். அண்ணன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றான், தம்பிக்கு எட்டுகிற உயரத்தில்.